வாசலில் சொல்லாத சலுகை

பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வருகிறது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இரண்டுக்கும் நடுவில்தான் தஞ்சை, திருவாரூர், நாகை கிராமங்களில் தனியார் பொறியியல் கல்லூரிகளின் பி.ஆர்.ஓ.க்கள் (மக்கள் தொடர்பு அலுவலர்கள்) வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். குறுவைக்கு விதை நெல்லும் உழவுக் கூலியும் வேண்டுமென்று கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்கும் நாட்களில்தான் கல்லூரி முன்பணத்துக்கும் ஆள் வந்து நிற்கிறது.

இந்தக் கல்லூரிகள் பிளெக்ஸில் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று ஆதாரமில்லாமல் போடுவது பொய். யாரோ ஒரு மாணவருக்குக் கிடைத்த உச்சச் சம்பளத்தைப் பெரிதாக அச்சிட்டு, தேசியத் தரவரிசைக்குத் தாங்களே அனுப்பிய இடைநிலைச் சம்பளத்தைப் பேசாமல் விடுவதும் ஏறக்குறைய அதுதான். இதில் விவாதிக்க அதிகமில்லை.

கடினமான கேள்வி வேறு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்கு அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். கலந்தாய்வு சூடுபிடிப்பதோ ஜூலையில். மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டி ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்ட பிள்ளைக்கு இரண்டுமே போய்விடும். அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லியும் அந்த வழக்கம் ஒழியவில்லை. இதெல்லாம் பி.ஆர்.ஓ.வுக்குத் தெரியும். கேட்காதபோது அவர் சொல்லியாக வேண்டுமா?

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல கல்லூரிகளில் இந்த வேலையைச் செய்வதே விரிவுரையாளர்கள்தான். ‘அட்மிஷன் டார்கெட்’ முடியாவிட்டால் சம்பளத்தில் கைவைக்கப்படும். பத்தாவதோடு போதும், பன்னிரண்டோடு போதும் என்று மகளை நிறுத்தப் பார்த்த அப்பாவை வாசலில் உட்கார்ந்து பேசி மனம் மாற்றியவர்களும் இவர்களே. அது நல்ல காரியம். பக்கத்துக் கடை விலையைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லையே என்ற வாதமும் வரும். ஆனால் கடைக்கு வருகிறவருக்குப் பக்கத்தில் விசாரிக்கத் தெரியும். கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்பதே தெரியாது. 1854இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியோ, தஞ்சை மன்னர் சரபோஜி கல்லூரியோ தன் பெருமையைச் சொல்லச் சம்பளத்துக்கு ஆள் அனுப்புவதில்லை. வீடு தேடி வரும் ஒரே குரல் இவருடையது. அதனாலேயே அவருடைய மௌனம் சாதாரண வியாபார மௌனம் ஆகாது. தன் கல்லூரியை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் புகழட்டும். அந்தக் குடும்பத்தின் கடனைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய விதியை மறைக்க அவருக்கு உரிமை இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. “கலந்தாய்வுல பதிஞ்சுடுங்கம்மா, சலுகை கெடைக்கும். எங்க கல்லூரி புடிச்சிருந்தா இந்த நம்பரைப் போடுங்க” என்று அதை நோட்டீஸில் எழுதிக் கொடுக்கலாம். நல்ல கட்-ஆஃப் உள்ள பிள்ளை வேறு கல்லூரிக்குப் போய்விடக்கூடும். அந்த இழப்பை நிர்வாகம்தான் தாங்க வேண்டும். உண்மையைச் சொன்னவரின் டார்கெட் கணக்கில் அதைக் கழிக்கக் கூடாது.