நிதானம் யாருக்காக?

நிதானம் நற்குணம் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்த நிதானத்திற்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்போர் சிலரே.

1776 இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது, ஜோன் டிக்கின்சன் அதில் கையொப்பமிடவில்லை. பிற நாடுகளின் துணையின்றிப் போரில் இறங்குவது பேராபத்து என அவர் அஞ்சினார். ஆயினும் முடிவு எடுக்கப்பட்டதும் குடிப்படையுடன் களம் புகுந்தார். தாம் அஞ்சிய ஆபத்தைத் தாமே ஏற்றார்.

நமது நாட்டின் நிதானவாதி சேர். பொன்னம்பலம் இராமநாதன். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தையடுத்து, இராணுவச் சட்டத்தின் பெயரால் சிங்கள மக்கள் வதைக்கப்பட்டனர். அப்போது சட்டநிரூபண சபையில் ஆட்சியாளரைக் குற்றஞ்சாட்டிய அவர், போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்றும் வாதாடினார். அதே மனிதர்தாம், டொனமூர் ஆணைக்குழு 1928 இல் சர்வஜன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதனை எதிர்த்தார். ஆள்வோர் முன் அஞ்சாதவர் மக்கள் முன் அஞ்சினார்!

அவர் அஞ்சிய மக்கள் யாவர்? உடப்புக் கரையில் கரைவலை இழுப்போரை எண்ணிப் பாருங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து வலை வளைப்பவர்கள். அம்பா பாடி ஒரே மூச்சாய் வடம் இழுப்பவர்கள். நிதானத்தையும் கூட்டு முடிவையும் அன்றாடம் பயிலும் இவர்களுக்கு வாக்களிக்கும் பக்குவம் இல்லையெனக் கூற எவருக்கு உரிமை உண்டு? இராமநாதன் 1930 இல் மறைந்தார். மறு ஆண்டுத் தேர்தலில், சொத்தும் எழுத்தறிவும் இல்லாத ஆணும் பெண்ணும் வாக்களித்தனர்.

பெரும்பான்மை வாக்கு சிறுபான்மையினரை நசுக்கும் என்ற அவரது ஐயம் வெறும் கற்பனையன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று; 1949 இல் அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஆனால் இதிலிருந்து பெறும் பாடம் யாது? வாக்கிழந்த தொழிலாளிக்குச் சபையில் குரலில்லை என்பதன்றோ? சிறுபான்மையினருக்குச் சட்டத்தின் அரண் வேண்டும். அதற்காக ஏழையின் வாக்கை ஈடாக வைத்தல் அறமாகாது.

தன் ஆதாயத்தைத் தள்ளிப்போடுபவன் நிதானவான். பிறர் உரிமையைத் தள்ளிப்போடுபவனுக்கு அப்பெயர் பொருந்தாது. நாளை, நாளை மறுநாள் என்று சொல்வோரை நாம் கேட்கவேண்டியது ஒன்றே: காத்திருப்பவர் நீரா, அவரா?