ஒருமனதாக என்று எழுதலாமா?



நம் இயக்கங்களின் கூட்டக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் “ஒருமனதாக”. பத்துப் பேர் சரி என்றிருப்பார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றிருப்பார்கள். அரை மணி நேரம் காரசாரமாகப் பேசியும் இருப்பார்கள். குறிப்பில் மட்டும் “ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது” என்று இருக்கும். கேட்டால், “எதுக்குப்பா அதெல்லாம் எழுதிக்கிட்டு? வெளியில தெரிஞ்சா நம்ம ஒற்றுமை என்னாகும்?” என்பார்கள். இது ஒற்றுமையைக் காப்பதா, உண்மையை மறைப்பதா?

நாடாளுமன்றங்களும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. பிரிட்டிஷ் மக்களவையின் தேர்வுக் குழுக்களில் தனியாகச் சிறுபான்மை அறிக்கை கிடையாது. குழுவுக்கு ஒரே அறிக்கைதான். ஆனால் உடன்படாத உறுப்பினர் திருத்தம் கொண்டு வரலாம், முழு மாற்று வரைவையே முன்வைக்கலாம். அது தோற்றாலும், அந்த வரைவும் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதும் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். அதாவது குழு ஒரே குரலில் பேசும், ஆனால் எதிர்த்தவரின் பேச்சு அழியாது.

இந்தியாவில் மசோதாக்களை ஆராயும் குழுக்களில் உடன்படாதவர் தனிக் குறிப்பு எழுதித் தரலாம். அது அறிக்கையோடு இணைக்கப்படும். அரசின் செலவுக் கணக்கைப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவில் அதற்கு இடமில்லை. காரணம் இல்லாமல் இல்லை. பல கட்சியினர் சேர்ந்து “இந்தப் பணம் வீணாகியிருக்கிறது” என்று ஒரே குரலில் சொன்னால் அமைச்சு பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆளுக்கொரு குறிப்பு எழுதினால், பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பிவிடலாம். ஆகவே ஒற்றுமையை விரும்புகிறவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. 2025-இல் இந்தியாவில் வக்ஃபு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவின் அறிக்கை தாக்கலானபோது, தங்கள் எதிர்ப்புக் குறிப்புகளில் சில பகுதிகள் நீக்கப்பட்டதாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் குரல் எழுப்பினார்கள். பொருத்தமற்ற சொற்களை நீக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்பது மறுதரப்பின் பதில். கடைசியில் நீக்கிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. அந்த மசோதா எந்தச் சமயத்தைப் பற்றியது, நாம் எந்தப் பக்கம் என்பதை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு யோசியுங்கள். என் குறிப்பை எவ்வளவு அச்சிடுவது என்பதை, அந்தக் குறிப்பு யாரைக் குறை சொல்கிறதோ அவரே முடிவு செய்தால், அது என் குறிப்பாகுமா? இந்தக் கேள்வியை நமக்கு வேண்டியவர்களுக்காக மட்டும் கேட்டால், அது நியாயமாகாது.

“எதிர்த்து நிற்பவன்தானே எப்போதும் நல்லவன்?” என்று நினைத்துவிடவும் வேண்டாம். நம் நாட்டு வரலாறே இதற்குச் சாட்சி. சுதந்திர மலாயாவின் அரசமைப்பை வரைய வந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். 1957-இல் வந்த அறிக்கையில், பாகிஸ்தானைச் சேர்ந்த நீதிபதி அப்துல் ஹமீது தனி எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்ற விதி வேண்டும் என்றார். அடிப்படை உரிமைகளுக்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் “நியாயமான”வையாக இருக்கவேண்டும் என்று பெரும்பான்மையினர் எழுதியிருந்தார்கள், அந்தச் சொல் வேண்டாம் என்றார். இரண்டிலும் கடைசியில் அவர் கருத்தே அரசமைப்பில் இடம்பெற்றது. பிற சமயங்களை அமைதியோடு பின்பற்றலாம் என்பதும் அதே மூன்றாவது விதியில் இருக்கிறது.

அவர் சொன்னது சரியா, தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். வாதிட முடிகிறதே, அதுதான் முக்கியம். இரு தரப்பின் காரணங்களும் எழுத்தில் இருப்பதால்தான் 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மால் எடைபோட முடிகிறது. மாற்றுக் கருத்து சரி என்பதற்காக அதை அச்சிடுவதில்லை. எது சரி என்று பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

நமக்குத் தெரிந்த சபை ஒன்று இருக்கிறது. திரௌபதியை இழுத்து வந்தபோது பெரியவர்கள் வாயடைத்து இருந்தார்கள். கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் எழுந்து, இது தர்மம் இல்லை என்றான். “சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?” என்ற மாதிரி கர்ணன் அடக்கிவிட்டான். அவன் பேச்சு அன்று எடுபடவில்லை. ஆனால் வியாசர் அதை விட்டுவிடவில்லை. அதனால்தான் அந்தச் சபை முழுவதும் ஒருமனதாக இருக்கவில்லை என்பது நமக்குத் தெரிகிறது.

அதே விகர்ணன் போரில் துரியோதனன் பக்கமே நின்று, பீமன் கையால் இறந்தான். இங்கேதான் கேள்வி கஷ்டமாகிறது. “நான் எதிர்ப்பைப் பதிவு பண்ணிட்டேன், என் கடமை முடிஞ்சது” என்று சொல்லிவிட முடியுமா? மண்டப வாடகை, நிகழ்ச்சித் தேதி மாதிரி விஷயங்களில் முடியும். தோற்றவர் முடிவுக்குக் கட்டுப்பட்டு நாற்காலி தூக்க வரவேண்டும், அதுதான் பண்பு. ஆனால் ஒருவருக்கு அநீதி நடக்கிறது என்றால், குறிப்பு எழுதியது மட்டும் போதாது. விலகி நிற்கவும் துணிவு வேண்டும்.

முடிவுக்குக் கட்டுப்படுவது வேறு, கருத்தே இல்லாதது போல நடிப்பது வேறு. முதலாவதைத்தான் இயக்கம் நம்மிடம் கேட்கலாம்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பொறுப்பில் இருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். “ஆதரவு 10, எதிர்ப்பு 2” என்று எழுதுங்கள். எதிர்த்தவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே இரண்டு வரி சேருங்கள். எழுதியதை அவரிடமே காட்டி, “நீங்க சொன்னது இதுதானே?” என்று கேளுங்கள். எதிர்க்கிறவரும் ஆளைத் திட்டாமல் காரணத்தைச் சொல்லட்டும். இதனால் உடைந்துவிடும் ஒற்றுமை என்றால், அது முன்பே உடைந்திருந்தது என்றுதான் பொருள்.