ஒரே அளவு நீதியாகுமா?

எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோல் நடத்துவதே ஆசிரியரின் நடுநிலை என்று நாம் முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நம்பி வந்தோம். ஒரே கரும்பலகை, ஒரே மணியோசை, ஒரே வினாத்தாள். எவருக்கும் தனிச் சலுகை இல்லை. இந்நடுநிலை சில பிள்ளைகளுக்கு அநீதியாக முடியும் என்பதனை, பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவிநாசிபாளையத்தில் ஒரு பெற்றோருடன் பள்ளிப் படியேறியபோது உணர்ந்தோம்.

கோவை–கரூர் நெடுஞ்சாலையோடு திருப்பூர்ச் சாலை வந்து கூடும் ஊர் அது. அங்கே மகன் வீட்டில் நாம் வசிக்கும் தெருவிலிருந்து காலைதோறும் பனியன் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிச் செல்லும். அண்டை வீட்டுத் தந்தை ஓவர்லாக் டெய்லர்; தாய் செக்கிங் வேலை பார்த்தவர். அவர்தம் ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்திருந்தார். பேச்சு மிகக் குறைவு. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுவான். ஆயினும் அன்று தான் கண்ட பேருந்துகளின் எண்களையெல்லாம் வரிசை தவறாமல் எழுதிக் காட்டுவான்.

"வீட்டிலிருந்து ஒருவர் நாள் முழுதும் பையனோடு இருக்க வேண்டும், இயலாதெனில் சிறப்புப் பள்ளியில் சேருங்கள்" என்று பள்ளியில் கூறிவிட்டனர். தாய் வேலையை விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் அமரலானார். ஒரு மாலை நம்மிடம் வந்து, "டீச்சரம்மா, ஒருக்கா எங்ககூட வாங்க. நாங்க பேசுனா கெஞ்சற மாதிரியே ஆயிப்போகுதுங்க" என்றார். நம் சிந்தனையைக் கிளறியது அச்சொல்லே. தம் பிள்ளையின் கல்வியைக் கேட்கும் பெற்றோர் ஏன் கெஞ்ச வேண்டும்?

"வகுப்பில் நாற்பது பேர். இவன் ஒருவனுக்குத் தனி முறை வைத்தால் மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அவர் இரக்கமற்றவர் அல்லர். அதே வினாவை நாமும் ஒரு தாயிடம் கேட்டிருக்கிறோம். 1980-களில் நம் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். யாரையும் கண்ணோடு கண் நோக்கமாட்டான். ஓயாமல் உடலை ஆட்டிக்கொண்டிருப்பான். நாம் அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். சில மாதங்கள் கழித்து, "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோம். அத்தாய் மறுமொழி கூறாமல் அவன் கையைப் பற்றிக்கொண்டு சென்றார். பின் அவன் வரவேயில்லை. நாம் 1970-இல் பயின்ற ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஆட்டிசம் என்னும் சொல்லையே கேட்டதில்லை என்பது உண்மை. ஆயினும் அறியாமை காரணமாகலாமேயன்றிச் சமாதானமாகாது.

ஏனெனில், நன்னூற் பாயிரத்தை நாம் பயின்றிருந்தோம். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூல் சமணம் தமிழுக்குத் தந்த கொடைகளுள் ஒன்று. அது மாணாக்கரை அன்னம், பசு முதலாகத் தரம் பிரிக்கிறது. பாடம் சொல்லத் தகாதவர் வரிசையில் பிணியாளரையும் மந்த அறிவினரையும் சேர்க்கிறது. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதே பாயிரம், கற்பவர் எவ்வகையில் ஏற்பார் என்பதனை அறிந்து அவ்வகையில் கற்பிப்பது ஆசிரியர் கடமை என்றும் விதிக்கிறது. நாம் வரிசையை நினைவில் வைத்து விதியை மறந்தோம். அக்காலத்து ஆசிரியர் தம் மாணாக்கரைத் தாமே தேர்ந்துகொண்டவர். இன்றோ 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எனவே அவ்வரிசைக்கு இனி இடமில்லை. விதியோ முன்னினும் வலுப்பெறுகிறது.

மற்றவர்களுக்கு அநீதி ஆகாதா என்ற வினாவுக்கு விடை சொன்னவர் அதுவரை வாய் திறவாதிருந்த தந்தையே. "துணி மாறுனா ஊசிய மாத்தறோம், நூல் இறுக்கத்த மாத்தறோமுங்க சார். துணியக் குத்தஞ் சொல்றதில்லீங்க" என்றார். கண்பார்வை குறைந்த பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துகிறோம். அது பிறருக்கு அநீதி என்று எவரும் கூறியதில்லை. ஒவ்வொருவரும் கற்கும் நிலையை உண்டாக்குவதே சமம். ஒரே முறையை எல்லார் மீதும் சுமத்துவது சமமன்று.

பெற்றோர் கெஞ்சுவதற்கு மற்றொரு காரணம் வெட்கம். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் பழித்தனர். அத்தகைய பிள்ளை ஒருவனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர் 1964-இல் நூலெழுதி அதனை மறுத்தார். இது மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு; வளர்ப்பின் குற்றமன்று. அங்கே தாயைப் பழித்தனர். நம் இல்லங்களிலோ முன்வினை என்று கூறி வாய்மூடிவிடுகிறோம். அறிவு உயிரின் இயல்பு. வினை அதனை மறைக்குமேயன்றி அழிக்காது என்பதன்றோ நம் கொள்கை? அக்கொள்கையுடையோர் ஒரு பிள்ளைக்குக் கல்விக் கதவை அடைப்பது எங்ஙனம் பொருந்தும்?

பெற்றோர் வெட்கத்தை விட்டபோதே சட்டமும் வழிவிட்டது. 1991-இல் தில்லியில் மெரி பரூவா என்னும் தாய் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை நிறுவினார். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் குறிக்கப்படவில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். சிறப்பாசிரியர் தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று நடுவண் அரசு 2022-இல் அறிவித்தது. ஆகவே நாற்பது பிள்ளைகளை மேய்க்கும் ஓர் ஆசிரியையின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது நம் கருத்தன்று. பள்ளியும் அரசும் அச்சுமையைப் பகிர்தல் வேண்டும்.

அன்று ஐந்து வேண்டுகோள்களை எழுதியே கொடுத்தோம். மணி அடிக்குமுன் அவனுக்கு அறிவித்தல். சுவரோரத்தில் ஓர் இடம். அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் பட அட்டை. வாயால் கூற இயலாததை எழுதிக் காட்ட விடுதல். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரை வரவழைத்தல். தலைமையாசிரியர் நெடுநேரம் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். சிறப்பாசிரியர் இப்போது வாரம் ஒரு நாள் வருகிறார், அது போதாது. இறைவணக்கக் கூட்டத்தில் சிறுவனால் இன்னும் நிற்க இயலவில்லை. தாய் முற்பகல் மட்டும் தாழ்வாரத்தில் இருக்கிறார்; வேலைக்குத் திரும்பவில்லை. ஆனால் அப்பட அட்டையை மற்றப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தே அடுத்த பாடப் புத்தகத்தை எடுக்கின்றனர் என்று வகுப்பாசிரியை கூறினார்.

நம் குடும்பங்களில் இத்தகைய பிள்ளையுடைய பெற்றோர், மருத்துவச் சான்றினைப் பெற்று, வேண்டுவதை எழுதிக் கொண்டு செல்க. உற்றாரும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் உடன் செல்க. துணைக்கு ஒருவர் நின்றாலே கெஞ்சல் கேள்வியாக மாறுவதை நாம் கண்டோம்.

நம் வகுப்பைவிட்டுப் போன அச்சிறுவனுக்கு இன்று நாற்பது வயது கடந்திருக்கும். ஆண்டுதோறும் க்ஷமாவாணி நாளில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். அப்போதெல்லாம் அவன் முகமே நம் நினைவில் வருகிறது. அவனிடம் பொறுத்தருளல் வேண்டியபடியேதான் இதனை எழுதினோம்.