எட்டுப் பேரில் நான் எத்தனை பேர்?

புலால் விஷயத்தில் மனுஸ்மிருதி எட்டுப் பேரைக் கொலைகாரர் கணக்கில் சேர்க்கிறது: சம்மதம் கொடுத்தவர், கூறு போட்டவர், கொன்றவர், வாங்கியவர், விற்றவர், சமைத்தவர், பரிமாறியவர், தின்றவர். மனுவோடு எனக்கு ஒத்துப்போகாதவை ஏராளம். ஆனாலும் இந்தப் பட்டியல் மீது ஒரு மரியாதை உண்டு. ஒரு பாகத்தில் பழுது வந்தால் எந்த ஸ்டேஷனில் வந்தது என்று தேடுவதுதான் ஒரகடத்து ஆலை ஒன்றில் எனக்குச் சம்பளம். அவர் ஒரு ஸ்டேஷனையும் விட்டுவைக்கவில்லை.

முழுக்கோழியை ஓவனில் சுட்டுத் தரச் சொல்லி மகள் கேட்டபோது மனு நினைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் கறிக்கடைத் தம்பிக்குத்தான் முதல் குழப்பம். "பீஸ் போடாம எப்பிடிக்கா குழம்பு வெப்பீங்க?" குழம்பு இல்லை, தோலும் வேண்டும் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். தோலுரித்துக் கொடுத்தே பழகிய கை. தோல் போனால் ஓவன் சூட்டில் நெஞ்சுக்கறி நார்நாராகிவிடும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்ல?

வீட்டில் அடுத்த சிக்கல்: எது மேல்பக்கம்? நெஞ்சு மேலே இருக்க வேண்டுமாம். எங்கள் லைனில் ஒரு பிராக்கெட்டைத் தலைகீழாக மாட்டவே முடியாது, துளையை அப்படி அமைத்திருப்பார்கள். கோழியைப் படைத்தவருக்கு அந்த அக்கறை இல்லை. தலையும் இறகும் போனபின் இரண்டு பக்கமும் உருண்டைதான். நானும் கணவரும் புரட்டிப் புரட்டிப் போட்டோம். "ஏம்மா, பாவம், குப்புறக் கெடக்குதே" என்று அத்தை சொன்ன பிறகுதான் முதுகு எது என்று முடிவானது. அப்புறம் தெர்மாமீட்டர். நடந்து உழைத்த தொடைக்குச் சூடு அதிகம் வேண்டும், சும்மா இருந்த நெஞ்சு அதற்குள் காய்ந்துவிடும். எலும்பில் படாமல் தொடையில் குத்தி 74 டிகிரிக்குக் காத்திருந்தேன். குழம்பில் இந்த வழக்கெல்லாம் கிடையாது. துண்டுகளுக்கு முதுகும் இல்லை, முகமும் இல்லை.

துண்டு போடுவதற்கு ஒரு சரித்திரம் உண்டு. சிகாகோ கசாப்புக் கூடங்களில் மேலே ஓடும் கொக்கியில் மாடு நகர, வரிசையாக நிற்பவர்கள் ஆளுக்கொரு வெட்டு வெட்டி அனுப்புவார்கள். கார் லைனுக்கான யோசனை அங்கிருந்து வந்தது என்று ஹென்றி ஃபோர்டே 1922-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1913-ல் அவர் ஆலையில் அது திருப்பி ஓடியது: துண்டுகள் உள்ளே வர, முழுக் கார் வெளியே போனது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று எங்கள் சாலை நெடுக வந்தவை அந்தக் கொக்கியின் பேரப்பிள்ளைகள். லைனில் நிற்கும் யாரும் 'இந்தக் காரை நான் செய்தேன்' என்று சொல்வதில்லை. வேலையைப் பிரித்தால் பெருமையும் பிரிந்துபோகிறது, பாவமும் பிரிந்துபோகிறது.

தனக்காகக் கொன்றதைக் காணாமல், கேளாமல், சந்தேகிக்கவும் இடமில்லாமல் இருந்தால் பிட்சு அந்தக் கறியை ஏற்கலாம் என்று பௌத்த விநயம் விலக்குக் கொடுத்தது. புலால் மறுத்தலில் வள்ளுவர் அந்த வாசலையும் சாத்திவிட்டார்: தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இல்லை. எனக்கு வள்ளுவர் கட்சிதான் சரியாகப் படுகிறது. அப்படிப் பட்டும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகிறேன்.

அத்தை வாலாஜாபாத் பக்கம். முனீஸ்வரனுக்குக் கோழி கொடுக்கும்போது அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்களாம், அது உடம்பை உதறினால்தான் உத்தரவு. உதறாவிட்டால் கத்தி காத்திருக்கும். மனுவின் முதல் ஆளான சம்மதம் கொடுப்பவரை அவர்கள் கோழியிலேயே தேடியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் எந்தக் கோழிதான் உதறாது என்று நான் வம்பிழுத்தால், "நாங்க கேட்டோமில்ல" என்பார். 1950-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி 2003-ல் கோவில் பலியைத் தடுத்தது தமிழக அரசு, 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானது. இடைப்பட்ட மாதங்களில் கறிக்கடைகளுக்குத் தடை எதுவும் இல்லை. கேட்டுக் கொன்றால் குற்றம், கேட்காமல் கொன்றால் வியாபாரம் என்ற அந்தக் கணக்கு அத்தைக்கு இன்றும் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

கோழி பொன்னிறமாக மேசைக்கு வந்தது. வாங்கியவள், சமைத்தவள், பரிமாறுபவள், தின்பவள் என்று நான்கு வேலை எப்போதும் என்னுடையவைதான். தம்பி வெட்டாமல் விட்ட ஐந்தாவதும் கைக்கு வந்தபோதுதான் மற்ற நான்கும் கண்ணில் பட்டன. மூட்டு எங்கே என்று கத்தியால் தடவிக்கொண்டிருந்தேன். கணவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. மகள், "அம்மா, அது கால மடக்கிப் படுத்திருக்கு" என்றாள்.

அத்தை இறக்கையை எடுத்து நிதானமாகக் கடித்துச் சொன்னார்: "ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த தடவ பீஸ் போட்டே வாங்கு. முழுசா வெச்சா யாரு எதத் தின்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியுது."