எழுதிய கை, அறுத்த கை

1540-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இத்தாலி நாட்டின் பொலோஞ்ஞா நகரிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் மருத்துவ மாணவர்கள் கூடினர். அவர்களை அங்கு அழைத்தது திருப்பலி மணி அன்று, உடற்கூற்று விரிவுரை. மனித உடலை அறுத்துக் கற்பதைத் திருச்சபை அடியோடு தடுத்தது என்று நம்புவோர் நம்மிடையே இன்றும் உளர். அன்னோர் இவ்வாலயத்தைச் சற்று நினைவிற் கொள்வார்களாக.

சிலேசியாவிலிருந்து வந்திருந்த பல்தசார் ஹேசலர் என்னும் மாணவர், கேட்டதையும் கண்டதையும் இலத்தீனில் குறித்துக்கொண்டே வந்தார். ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் கிடந்த அக்கையெழுத்துக் குறிப்புகள் 1959-இல்தான் அச்சேறின. தேர்வுக்காக எழுதப்படும் குறிப்புகளை நாம் அறிவோம். ஆசிரியரின் சொல்லைத் தவிர வேறெதுவும் அவற்றில் இராது. ஹேசலரின் ஏடு அத்தகையதன்று.

அந்நாளில் இப்பாடம் நடந்த முறையை முதலில் அறிதல் வேண்டும். உயர்ந்த இருக்கையில் அமர்ந்து பேராசிரியர் நூலை வாசித்து விளக்குவார். கீழே, நாவிதத் தொழிலும் அறுவைத் தொழிலும் சேர்ந்து செய்யும் ஒருவர் கத்தியுடன் நிற்பார். அவருக்கு இலத்தீன் விளங்காது. இன்னொருவர் கோலால் உறுப்பைச் சுட்டுவார். வாய் ஒருவருடையது, கை மற்றொருவருடையது. பொலோஞ்ஞாவில் அவ்வாண்டு விரிவுரை ஆற்றியவர் மத்தேயோ கோர்த்தி என்னும் முதியவர். அவர் எடுத்துக்கொண்ட நூல் மொந்தீனோ 1316-இல் எழுதியது. ஆனால் கத்தியைப் பிடித்தவர் நாவிதர் அல்லர். பதுவைப் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவம் கற்பித்த வெசாலியுஸ் தாமே அறுத்தார், தாமே விளக்கினார். அவருக்கு வயது இருபத்தைந்து. விலா நோவுக்கு எந்த நாளத்தைத் திறந்து குருதி வடிப்பது என்பதில் இருவரும் மாணவர் முன்னிலையிலேயே மோதிக்கொண்டனர். முதியவர் காலெனின் நூலைக் காட்டினார்; இளையவர் கிடத்தியிருந்த உடலைக் காட்டினார். ஹேசலர் இரு தரப்பையும் எழுதினார். பின்னர் 1543-இல் பாசெல் நகரில் வெளியிட்ட பெருநூலின் முன்னுரையில், இருக்கையிலிருந்து வாசிப்போரை வெசாலியுஸ் கடுமையாகவே சாடினார்.

வாயும் கையும் இவ்வாறு பிரிந்ததில் குருக்களாகிய நமக்கும் பங்குண்டு. சுடுதலும் அறுத்தலும் கொண்ட மருத்துவத்தைக் குருக்களும் திருத்தொண்டர்களும் செய்யலாகாது என 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. பலி ஒப்புக்கொடுக்கும் கையில் பிறர் குருதி படியலாகாது என்னும் அச்சம் நமக்குப் புரிகிறது. பல்கலைக்கழகங்களின் செருக்குக்கோ அந்த நியாயமும் இல்லை. அம்ப்ருவாஸ் பாரே 1575-இல் தம் நூல்தொகுதியைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டபோது, பாரிஸ் மருத்துவப் புலம் எதிர்த்தெழுந்தது.

இலத்தீன் கல்லாத அந்த அறுவையாளர் 1537-இல் தூரின் போர்க்களத்தில் இளைஞராகப் பணியாற்றினார். துப்பாக்கிக் காயம் நஞ்சேறியது, அதில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றவேண்டும் என்பது நூலின் கட்டளை. அவரும் ஊற்றினார். எண்ணெய் தீர்ந்துபோயிற்று. எஞ்சியோருக்கு முட்டையின் மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், டர்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து பூசிவிட்டு, அவர்கள் இறந்துவிடுவரோ என்று உறக்கமின்றிக் கிடந்தார். விடியலில் சென்று பார்த்தால், அவர்களே வலி தணிந்து இருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டோர் காய்ச்சலாலும் வீக்கத்தாலும் துடித்தனர். நூல் சொன்னபடி அதற்கு முன் வெந்துபோன வீரர்களை எண்ணுகையில் நெஞ்சு பதறுகிறது. அவ்வேதனைக்கு யார் பொறுப்பு? எழுதியவர் ஊற்றவில்லை; ஊற்றியவர் எழுதவில்லை.

இக்கேள்வி நமக்குப் புறத்தே நிற்பதன்று. குருமடத்தில் நோயில்பூசுதல் குறித்து நாம் எழுதிய குறிப்பேடு இன்னும் நம்மிடம் உள்ளது. வரிசை எண்ணிட்டு, சிவப்பு மையால் அடிக்கோடிட்டது. குருப்பட்டம் பெற்ற முதலாண்டில் ஓர் இரவு, இறக்கும் நிலையிலிருந்த ஓர் இளந்தாயின் படுக்கையருகே அவ்வேட்டின் பக்கங்கள் யாவும் நினைவுக்கு வந்தன. தம் பிள்ளையை இனி யார் பார்த்துக்கொள்வார் என்று அவர் கேட்டார். நாமோ துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றிக் கூறினோம். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்குக் கற்பித்தவர்மீது பிழையில்லை, அவர் சொன்னது உண்மையே. அதை அந்த இடத்தில் சொன்ன வாய் நம்முடையது. அந்த ஏட்டில் அந்த இரவைப் பற்றி நாம் ஒரு வரியும் சேர்க்கவில்லை.

ஆகவேதான் ஹேசலரின் கடைசிப் பக்கங்கள் நம்மை நிறுத்திவைக்கின்றன. இறுதிப் பாடத்தில் வெசாலியுஸ் உயிருள்ள நாய் ஒன்றைத் திறந்தார். கொடுமைதான், ஏடு அதை மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை. நாளங்களின் துடிப்பு இதயத்தின் அசைவைத் தொடர்கிறதா, அன்றி வேறானதா, இதில் அவருடைய கருத்து என்ன என்று மாணவர்கள் வினவினர். அவர் கருத்துச் சொல்ல மறுத்து, தத்தம் கையால் தொட்டறிந்து அக்கையையே நம்புமாறு பணித்தார். மாணவர் ஒருவர் குறித்துக்கொள்ளத் தக்க நல்ல வாக்கு அது. ஹேசலர் அங்கே எழுதுகோலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இதயம் மேல்நோக்கித் துள்ளியதையும், அது நின்றவுடன் நாய் இறந்ததையும் தாம் கண்டதாக எழுதினார். அத்துடன், இத்தாலிய மாணவர்கள் வெறிகொண்டவர்போல் அந்நாயை இருபுறமும் பிடித்து இழுத்தமையால், அவ்விரு அசைவுகளையும் எவராலும் சரியாக உணர இயலவில்லை என்பதையும் எழுதினார்.