மண் மூழ்கினால் நாடு மூழ்குமா?

பசிபிக் பெருங்கடலில் ஒன்பது பவளத் தீவுகளாலான துவாலுவில் சுமார் 11,000 பேர் வாழ்கிறார்கள். அங்கே தரை கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக இரண்டு மீட்டர்தான். தலைநகர் ஃபூனாஃபூட்டியில் பேரலையேற்ற நாட்களில் கடல் கரையைத் தாண்டி வருவது போதாதென்று, துளை நிறைந்த பவளத் தரைக்குள்ளிருந்தும் உப்புநீர் ஊறி மேலே வந்து தேங்குகிறது. மதில் எழுப்பி அதைத் தடுக்க முடியாது. 2023இல் இந்த நாடு தன் அரசியல் சாசனத்தைத் திருத்தி, நிலம் போனாலும் தன் அரசுரிமை என்றென்றும் நிலைக்கும் என்று எழுதிவைத்தது. தேசிய அரசுகள் தேய்ந்துவருவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சந்தையையும் பன்னாட்டு நிறுவனங்களையும் சுற்றியே நடக்கிறது. துவாலு எழுப்புவது அதைவிட அடிப்படையான கேள்வி: ஒரு நாடு எதனால் நாடாகிறது?

மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் திறன் என்று நான்கைச் சொன்னது 1933ஆம் ஆண்டின் மான்டவிடியோ உடன்படிக்கை. நிலமில்லாத நாடு வெறும் கற்பனை என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 1870இல் ரோமை இழந்த திருப்பீடம், 1929இல் லாட்டரன் ஒப்பந்தம் வரும்வரை ஆள நிலமின்றியே தூதர்களை அனுப்பியும் ஏற்றும் வந்தது. போப்பாண்டவருக்கு மதநம்பிக்கையின் பலம் இருந்தது, குடிமக்களுக்கு வீடும் பள்ளியும் தரவேண்டிய பொறுப்பு அப்போது அவருக்கு இல்லை என்ற மறுப்பு நியாயமானதே. என்றாலும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலங்கையில் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது அவர்கள் காலடியில் மண் இருந்தது. அந்தத் தேயிலை மண்ணில் அவர்கள் வியர்வையும் இருந்தது. பறிபோனது அங்கீகாரம் மட்டுமே. அப்படியானால் ஒரு கூட்டத்தார் தம்மை ஒரே சமூகமாக ஏற்பதும், மற்றவர்கள் அதை மதிப்பதுமே நாட்டின் உயிர்நிலை. உருவாகிவிட்ட நாடு தன் கூறுகளில் ஒன்றை இழந்தாலே நாடாக இல்லாமல் போய்விடும் என்பதில்லை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் கருத்துச் சொல்லியிருக்கிறது.

ஆனால் அங்கீகாரம் சோறு போடாது. மனிதர்கள் எங்காவது குடியிருந்தாக வேண்டும். அந்த இடமோ இன்னொரு நாட்டுடையது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஃபாலேபிலி ஒப்பந்தப்படி ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 280 துவாலுவர்களைக் குடியேற்றிக்கொள்கிறது. துவாலுவின் இறையாண்மை தொடரும் என்றும் ஒப்புக்கொள்கிறது. பதிலுக்கு, துவாலு வேறொரு நாட்டுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். ஒன்றும் இல்லாததற்கு இது மேல் என்பார்கள். உண்மைதான், துவாலு மக்களும் பெருந்திரளாக விண்ணப்பித்தார்கள். ஆனாலும், நிலக்கரியை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடு, கடல் ஏறியதில் ஏறக்குறையப் பங்கே இல்லாத மக்களுக்குத் தரும் புகலிடத்தைப் பேரமாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். கடன்பட்டவர் நிபந்தனை போட முடியாது. ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதையும் அவர் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது.