மழை வேண்டுவோர் கடன்

மழையை வேண்டி நிற்றல் தகுமோ? தகுமெனின், வேண்டுவோன் தான் செய்யக்கடவது யாது? இவ்வினா ஏட்டளவில் அமைந்துவிடும் தர்க்க வினாவன்று. ஆடி மாதத்து வெயிலிலே தன் கிணற்று நீர்மட்டம் நாடோறும் இறங்கக் காணும் தோட்டக்காரனுக்கு இது வாழ்வைத் தொட்ட வினாவாகும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கோண்டாவில் முதலிய செம்மண் ஊர்களிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் கிணற்று நீரை இறைத்தே விளைக்கப்படுகின்றன. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வினாவைப் புறக்கணித்தல் கூடாது.

மழை காற்றாலும் கடலாலும் வருவது, வேண்டுதலால் ஆவதொன்றுமில்லை என்பர் ஒருசாரார். மழை இறைவன் செயல், மனித முயற்சியால் ஆவதொன்றுமில்லை என்பர் மற்றொருசாரார். இவ்விருவரும் தம்முள் மாறுபட்டவர் போலத் தோன்றினும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர். மழையைக் குறித்து மனிதனுக்குக் கடமை யாதுமில்லை என்பதே அது. அக்கருத்துப் பொருந்துமா என்பதனை நமது நிலத்தின் இயல்பைக் கொண்டே ஆராய்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடுவது. ஆயினும் இங்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கின்றது. இலண்டன் மாநகரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 24 அங்குலமே. இலண்டனை வறண்ட ஊர் என்பார் எவருமிலர். அங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கின்றது, வெயிலும் மெல்லிது. இங்கோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களுள் பெய்து முடிகின்றது. எஞ்சிய மாதங்கள் வெயிலுக்கே உரியன. ஆதலின் நமது வறட்சி பெறாமையால் மாத்திரம் வந்ததன்று. பெற்றதைப் பேணாமையாலும் வந்தது.

கிணறுள்ள தோட்டக்காரன், “மழை பொய்த்தாலும் எனக்குக் கிணறு உண்டு” என்று கருதுவதுண்டு. அக்கிணற்று நீர் யாது? சென்ற மாரியின் மழையே அன்றோ! பெய்த நீர் செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலே தங்குகின்றது. கடல் சூழ்ந்த இந்நிலத்தின் கீழே உவர்நீரும் பரந்திருக்கின்றது. நன்னீர் கனத்தில் குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் அறிஞர்கள் கண்ட விதி. இதன் மறுபக்கம் அஞ்சத்தக்கது. மேலே ஓரடி இறங்கும்படி நெடுங்காலம் இறைப்பின், கீழிருந்து உவர் ஏறக்குறைய 40 அடி மேலெழுதற்கு இடமாகும். ஒருமுறை உவரேறிய கிணறு நன்னீர்க் கிணறாய் மீளுதல் எளிதன்று.

முன்னாளில் துலா மிதித்து நீரிறைத்தனர். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்தவன் கால்களே இறைப்புக்கு எல்லையாயின. அவன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. இறங்கிய ஊற்று மீண்டும் சுரந்தது. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அஃது உழைப்பாளியின் துன்பத்தைத் தீர்த்தது. அதனைப் பழித்தல் நன்றியன்று. ஆயினும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. முன்னர் உடம்பு விதித்த எல்லையை இனி அறிவே விதித்தல் வேண்டும்.

இனி, வேண்டுதலின் இயல்பை நோக்குவோம். கதிர் வாங்கும் நெல்லுக்கு மழை வேண்டும். கிண்டும் பருவத்து வெங்காயத்துக்கும் வெட்டும் பருவத்துப் புகையிலைக்கும் மழை கேடு. வயற்காரன் ‘பெய்க’ என்றும் அயலிலுள்ள தோட்டக்காரன் ‘பெய்யற்க’ என்றும் ஒரே நாளில் ஒரே சந்நிதியில் நின்று வேண்டுதல் கூடும். இவருள் எவருடைய வேண்டுதல் செல்லத்தக்கது? தன் பயிர் ஒன்றையே கருதி வேண்டுவோன் மழையை வேண்டினானல்லன். தன் இலாபத்தையே வேண்டினான். மேகம் வேலி பார்த்துப் பெய்வதில்லை. ஆதலின் மழைக்கான வேண்டுதல் ஊர் முழுவதுக்குமான வேண்டுதலாகவே இருத்தல் முறை.

இதற்குச் சிறந்த சான்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருப்புன்கூர்த் திருப்பதிகத்தில் உளது. மழை மறந்து வயல்களில் நீரற்ற காலத்தில், நிலம் தருவோம் என்று சொல்லி அடியார் வேண்டினர், மழை பெய்தது. அது பெருவெள்ளமாக, அதனைத் தவிர்த்தருளி மீண்டும் பன்னிரு வேலி நிலத்தை இறைவன் கொண்டருளினான் என்பது அங்குக் கூறப்படுகின்றது. இவ்வரலாற்றை நாம் அற்புதம் என்று கற்பித்து அமைந்துவிடுகின்றோம். இதனுள் ஆசிரியர் காட்டத்தக்கன இரண்டு உள. வேண்டியவர் ‘நான்’ என்று வேண்டாது ‘நாம்’ என்று வேண்டினர் என்பது ஒன்று. வெறுங்கையோடு வேண்டாது, தமக்கு அரிய நிலத்தைக் கொடுத்து வேண்டினர் என்பது மற்றொன்று. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையும், வான்சிறப்பை அடுத்து நீத்தார் பெருமையையும் வைத்தார். மழைக்கு ஒருபுறம் கடவுளும் மறுபுறம் தம்மதை விட்டாரும் நிற்றல் நம் சிந்தனைக்கு உரியதாகும்.

இக்காலத்தில் மழைக்கு நிலங் கொடுத்தல் என்பது யாது? மழைநீர் தங்குதற்கு இடம் விடுதலே. நம் முன்னோர் ஊர்தோறும் குளமும் கோயில்தோறும் கேணியும் அமைத்தது நீராடற்கு மாத்திரமன்று. நிலத்தின் வயிற்றை நிரப்புதற்குமாம். அக்குளங்களுட் பல தூர்ந்தன. சில குப்பையால் நிறைந்தன. சிலவற்றின் கரைகள் வேலிகளுள் அகப்பட்டன. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலின் பெருமழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. வெள்ளத்தை விரைந்து கடலுக்கு விடுதலே அப்போது யாவர்க்கும் கவலை. மாரியிற் கடலுக்குத் தள்ளிய நீரைக் கோடையில் வானத்திடம் கேட்கின்றோம். குளத்தை மூடிவிட்டு மழைக்குக் கைகூப்புவோன், கலத்தைக் கவிழ்த்துவைத்துப் பால் கேட்பவனை ஒப்பான்.

“இரண்டு பரப்பு நிலத்தை நம்பி வாழும் ஏழை எதனைக் கொடுப்பான்?” என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. பன்னிரு வேலியை அவனிடம் கேட்பது அறமாகாது. குளத்தைத் தூரெடுத்தலும் அதன் கரையை மீட்டலும் ஊராரும் அரசும் கோயில் நிருவாகத்தாரும் சுமக்கத்தக்க கடன். அவன் கொடுக்கத்தக்கது மிகையிறைப்பைத் தவிர்த்தலும் உரத்தை அளவறிந்து இடுதலுமே. மிதமிஞ்சி இட்ட உரத்தின் நைத்திரேற்று நீரோடு இறங்கிக் குடிநீரிற் கலத்தலை இக்குடாநாட்டில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. திருநெல்வேலி, கோண்டாவில் நிலத்தடி நீர் குழாய்வழியே யாழ்ப்பாண நகரத்தாருக்கும் குடிநீராகியது. நிலத்தின்மேல் கதியால் வேலி உண்டு. நிலத்தின்கீழ் வேலி இல்லை. தன் காணியில் ஒருவன் இடுவதனைத் தான் அறியாத ஒரு குழந்தை குடித்தல் கூடும்.

“எல்லாம் அருளாலே வருவதாயின் நமது செயலால் வருவது என்னை?” எனின், கூறுதும். மழையைப் பெய்வித்தல் நம் செயலன்று. பெய்த மழையை ஏற்றல் நம் செயலேயாம். அருள் இடையறாது பொழியினும் ஏற்குந் தகுதி உயிர்க்கு வேண்டும் என்பது சைவர் நன்கறிந்த உண்மை. நிலத்துக்கும் அஃது ஒக்கும். பயன் கருதாது பெய்தது மழை. அதனைப் பெற்றவன் அதற்கு உடையவனல்லன், வைத்துக் காப்பவனே. இவ்வுணர்ச்சியோடு செய்யும் வேண்டுதலில் நம்பிக்கையும் முயற்சியும் பகையாவதில்லை.

ஆசிரியர்காள்! இதனைப் பாடமாகச் சொல்லுதலினும் பழக்கமாக ஆக்குதல் நன்று. கயிறும் கல்லும் கொண்டு, மாதந்தோறும் முதலாம் நாளிற் பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பிள்ளைகளே அளந்து சுவரில் எழுதுக. மழை பெய்த நாட்களையும் அதன் பக்கத்தே குறிக்க. ஐப்பசி தொடங்குமுன் அயலிலுள்ள கேணிக்கு நீர்செல்லும் வாய்க்காலை அவர்களோடு சென்று பார்த்து, அடைப்பிருப்பின் ஊர்ப் பெரியோரைக் கொண்டு நீக்குக. ஓராண்டு இவ்வாறு அளந்த பிள்ளை, மழை வேண்டிப் பாடும்போது தான் கேட்பது யாதென்று அறிந்து பாடும்.